டிஸ்க் பிரேக் செட்: பொருள் நல்லது, குறிப்புத்தாள் மோசம்

கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் செட் ஒன்றை என் சைக்கிளின் முன் சக்கரத்துக்கு வாங்கினேன். பெட்டியில் காலிப்பர் (பேடு எனும் உராய்வுக் கட்டைகளால் ரோட்டரை இறுக்கிப் பிடிக்கும் பாகம்), 160 மி.மீ. ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டு), ஒரு அடாப்டர் (பெரிய ரோட்டருக்கு ஏற்ப காலிப்பரைத் தள்ளிப் பொருத்தும் இடைத்துண்டு). கூடவே வந்திருக்கிறதே என்று அடாப்டரையும் சேர்த்து மாட்டினேன். பிரேக் சரியாகப் பிடிக்கவே இல்லை. குனிந்து பார்த்தால், பேடு ரோட்டரின் வெளி விளிம்பை மட்டும் தொடுகிறது, மீதி அந்தரத்தில் நிற்கிறது. அது 180 மி.மீ. ரோட்டருக்கான அடாப்டர்! என் ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) போஸ்ட் மவுண்டில், அதாவது காலிப்பரைப் பூட்டும் இடத்தில், 160 ரோட்டருக்குக் காலிப்பரை நேரடியாகவே பூட்டலாம். குறிப்புத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உயிர் காக்கும் பாகத்தில் இப்படி அலட்சியம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடாப்டரைக் கழற்றியதும் பிடிப்பு வந்தது, ஆனால் உரசல். போல்ட்டுகளைத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி இரண்டையும் மாறி மாறி முறுக்கினேன். ஒவ்வொரு முறையும் கடைசி முறுக்கில் காலிப்பர் சாய்ந்தது. மவுண்ட் முகத்தில் திட்டாகப் படிந்த பெயிண்ட்தான் காரணம். அதைச் சுரண்டிவிட்டு, அப்புறம் உள் பேடின் திருகைக் கொஞ்சம் பின்வாங்கியதும் சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது.

இப்போது ஈரச் சரிவிலும் நம்பி இறங்குகிறேன். ஐந்துக்கு மூன்று தருவேன். வாங்குகிறவர்கள் அடாப்டரில் பொறித்திருக்கும் எண்ணை முதலில் பாருங்கள், எனக்கு வந்ததில் அது உள்பக்கமாகச் சின்ன எழுத்தில் இருந்தது.