குவாக்கமோலே: மலைப் பழமா ஹாஸா, அம்மியா மிக்ஸியா?

குவாக்கமோலே என்பது அவகாடோவை மசித்துச் செய்யும் மெக்சிகோ தொட்டுக்கை. அதற்காக ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம் பழக்கடையில் அவகாடோ கேட்டால் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கொடைக்கானல் கீழ்மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே விளைந்து மதுரை வழியாக இறங்கும் பட்டர் ஃப்ரூட் ஒன்று. பச்சைத் தோல், வழவழப்பு, சில பழம் உள்ளங்கையில் அடங்காது. இன்னொன்று ஸ்டிக்கர் ஒட்டிய ஹாஸ். சின்னது, தோல் சொரசொரப்பு, பழுத்தால் கறுத்துவிடும். கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் வளர்த்து 1935-ல் காப்புரிமை வாங்கிய ரகம் அது. இங்கே வருவதில் பெரும்பகுதி தான்சானியா மாதிரி ஆப்பிரிக்க நாட்டுச் சரக்கு.

ருசியை மட்டும் பார்த்தால் ஹாஸ்தான் முந்தும். எண்ணெய்ச் சத்து கூடுதல், நீர் குறைவு. மசித்தால் கெட்டியாக நிற்கும். மலைப் பழத்தில் பலவும் நீர்ப்பிடிப்பானவை, கொஞ்சம் இனிப்பும் உண்டு. உப்புப் போட்டு வைத்தால் சீக்கிரமே ஓரத்தில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். அதனால்தானோ என்னவோ, நம் ஊரில் அதன் தலையெழுத்து ஜூஸ் கடையில் பாலும் சர்க்கரையும் சேர்ந்து அடிபடுவதாகவே இருக்கிறது.

ஆனால் கடையில் நின்று காசு கொடுக்கும்போது கணக்கு மாறுகிறது. ஹாஸை எண்ணி விற்கிறார்கள், மலைப் பழத்தை நிறுத்து விற்கிறார்கள். விலை வித்தியாசம் கையில் சுடும். அதைவிட, கப்பலிலும் குளிர்கிடங்கிலும் நாள்கணக்கில் கிடந்த பழம் வெளியே சரியாக இருந்தாலும் உள்ளே பழுப்பு நரம்போடு இருப்பதுண்டு, வெட்டினால்தான் தெரியும். மலைப் பழத்தில் இந்தச் சூது குறைவு. அவகாடோ மரத்தில் இருக்கும்வரை பழுக்காது, பறித்த பிறகே இளகும். கல் மாதிரி இருப்பதை வாங்கி வாழைப்பழத்தோடு அரிசிப் பானையில் வைத்தால் நம் புழுக்கத்துக்குச் சில நாளில் தயார். நிறத்தை நம்பாதீர்கள், பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும் ரகம் உண்டு. காம்படியில் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். சிலவற்றை ஆட்டினால் உள்ளே கொட்டை லொடலொடக்கும்.

ஆடி, ஆவணியில் மலைப் பழம் தாராளமாக வரும்போது என் ஓட்டு அதற்குத்தான். மற்ற மாதங்களில், நாலு பேர் வரும் விருந்து என்றால் மட்டும் ஹாஸ்.

மலைப் பழம் என்று முடிவானால் மிக்ஸியை மறந்துவிடுங்கள். பிளேடு சுற்றிய வேகத்தில் நீர்ப் பழம் பச்சைக் கூழாகிவிடும், ஸ்பூனில் நிற்காது. ஹாஸ் ஒரு சுற்றுத் தாங்கும். தாங்கினாலும் கடை மயோனைஸ் மாதிரி ஆகிவிடும், கடிக்க ஒன்றும் இருக்காது. மெக்சிகோவில் இதை எரிமலைப் பாறையில் கொத்திய மூன்று கால் கல்லுரலில் இடிப்பதுதான் பழைய வழக்கம். அந்த வேலைக்கு நம் அம்மி போதும், மீன் குழம்புக்கு அரைத்த வாசனை போகக் கழுவியிருந்தால்.

முதலில் கல்லில் பழம் போகக்கூடாது. நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், மல்லித்தழைத் தண்டு, மேலே கல்லுப்பு. வாலிநோக்கத்து உப்பளக் கல்லுப்பு என்றால் இன்னும் நல்லது: பரல் பரலாக இருப்பதால் குழவி நாலு தரம் போய்வருவதற்குள் வெங்காயத்தைக் கிழித்துச் சாறெடுத்துவிடும். பச்சைச் சாறு கல்லில் பளபளக்கும்போது பழச்சதையை வழித்துப் போட்டு, இழுக்காமல் குழவியால் அமுக்கி மட்டும் விடுங்கள். பாதி மசிந்து பாதி கட்டியாக இருக்கவேண்டும். அம்மி இல்லாத ஃபிளாட்காரர்களுக்கு முள்கரண்டி. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக்கொண்டால் முக்கால்வாசி ருசி வரும்.

காரத்துக்குப் பச்சை மிளகாய்தான் முறை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய் வற்றலைச் சுட்டு நொறுக்கித் தூவினால் மெக்சிகோக்காரர் முகம் சுளிப்பாரோ என்னவோ, எனக்குப் பிடித்திருக்கிறது. தக்காளி போடுவதாக இருந்தால் விதையும் சாறும் நீக்கிப் போடுங்கள். மலைப் பழத்தோடு தக்காளியே வேண்டாம். புளிப்புக்கு எலுமிச்சை. புளிக்கரைசல் நிறத்தையே கெடுத்துவிடும்.

கறுக்காமல் இருக்கக் கொட்டையை நடுவில் வைப்பது வீண் வேலை. அது மூடியிருக்கும் இடம் மட்டும்தான் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டு, பழத்திலுள்ள நொதி வேலை செய்வதால் வரும் கறுப்பு அது. எலுமிச்சைச் சாறு கொஞ்சம் தாமதப்படுத்தும். பிளாஸ்டிக் தாளை மேற்பரப்பில் ஒட்டினாற்போல் அழுத்தி ஃபிரிட்ஜில் வைத்தால் ஹாஸ் மறுநாள்வரை தாங்கும். மலைப் பழத்தை அன்றைக்கே தின்று தீர்க்கவேண்டியதுதான்.

தொட்டுத் தின்ன நாச்சோஸ் என்ற மக்காச்சோள சிப்ஸ் பாக்கெட் தேடி அலையவேண்டாம். அப்பளம் உடனே நமுத்துப்போகும், மரவள்ளிக் கிழங்கு சிப்ஸ் கனம் தாங்கும். மொறுமொறுவென்று பொரித்த நெத்திலியின் தலையைக் கிள்ளிவிட்டு இதில் முக்கித் தின்றால் நாச்சோஸ் பக்கத்தில்கூட வராது.