ரிச்மண்ட் மாளிகையின் படிக்கட்டுகள்: ‘த ஸ்கார்லெட் பிம்பர்னெல்’ நாவலைப் படித்தவர்கள் சொன்னவை

மாதம் ஒரு நாவலைப் படித்துவிட்டுக் கூடிப் பேசும் எங்கள் சிறிய வாசிப்பு வட்டம் சென்ற மாதம் எடுத்துக்கொண்ட நூல், பாரனஸ் எம்மா ஆர்ட்சி எழுதி 1905இல் வெளிவந்த ‘த ஸ்கார்லெட் பிம்பர்னெல்’. பள்ளிப் பருவத்தில் இதன் சுருக்கப் பதிப்பைப் படித்தவர்கள் எங்களில் மூவர். மூவர் நினைவிலும் எஞ்சியிருந்தவை மாறுவேடமும், தலைவெட்டும் எந்திரமான கில்லட்டினும், கடல் கடந்த தப்பித்தலும்தாம். முழு நூலையும் படித்துவிட்டுக் கூடியபோதோ, பேச்சு இரண்டு மணி நேரமும் ஒரே கேள்வியைச் சுற்றியே வந்தது. கதாநாயகன் பெர்சி பிளேக்னி தன் மனைவியை ஓராண்டுக் காலம் அப்படி நடத்தியது சரிதானா? சாகசக் கதை என்று பெயரெடுத்துவிட்ட இந்த நூல் உண்மையில் ஒரு முறிந்த மணவாழ்க்கையின் கதை என்பதும், சுருக்கியவர்கள் முதலில் வெட்டியெறிந்த பகுதி அதுவே என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கதை 1792 செப்டம்பரில், பாரிஸ் நகர வாயில் ஒன்றில் தொடங்குகிறது. பிரெஞ்சுப் புரட்சி அரசின் பிடியிலிருந்து பிரபுக் குடும்பங்களை இங்கிலாந்துக்குக் கடத்திச் செல்கிறது ஓர் ஆங்கிலேயக் குழு. கட்டளையிட ஒருவர், கீழ்ப்படியப் பத்தொன்பது பேர் என்பது அதன் அமைப்பு. தலைவர் யாரென்று எவருக்கும் தெரியாது. வயலோரம் பூக்கும் ஸ்கார்லெட் பிம்பர்னெல் என்ற சிறு சிவப்புப் பூவே அவருடைய முத்திரை. லண்டனில் இருப்பவர் சர் பெர்சி பிளேக்னி. பெரும் பணக்காரர், ஆடையலங்காரத்தில் முன்னோடி, வாயைத் திறந்தால் அசட்டுச் சிரிப்பைத் தவிர வேறொன்றும் வராதவர் என்று ஊரே நம்பும் மனிதர். பாரிஸின் புகழ்பெற்ற நாடக அரங்கான கொமெடி பிரான்சேஸில் நடித்துக்கொண்டிருந்த மார்கரீட் சேன் ஜூஸ்ட், அறிவுக்கூர்மைக்காக ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டவள். அவள் இவரைப் போய் ஏன் மணந்தாள் என்பது சமூகத்தின் தீராத வியப்பு. அந்த இரகசியத் தலைவர் யாரென்பது இன்று பல பதிப்புகளின் பின்னட்டையிலேயே அச்சாகியிருப்பதால், இதற்கு மேல் மறைத்து எழுதுவதில் பொருளில்லை. அவர் பெர்சியேதான்.

பிணக்கின் காரணத்தை ஆர்ட்சி மிகவும் நுட்பமாக அமைத்திருக்கிறார். மார்கரீட்டின் அண்ணன் ஆர்மான், மார்க்கி தெ சேன் சீர் என்ற பிரபுவின் மகளைக் காதலித்த குற்றத்துக்காக, அந்தப் பிரபுவின் வேலைக்காரர்களால் குற்றுயிராக அடித்துப் போடப்படுகிறான். பெற்றோரை இழந்த மார்கரீட்டுக்கு அண்ணனே தாயும் தந்தையும். பின்னர் ஒருநாள், அந்த மார்க்கி ஆஸ்திரியப் பேரரசருடன் இரகசியமாகக் கடிதத் தொடர்பு வைத்திருப்பதைப் பற்றிப் பின்விளைவை எண்ணாமல் சில சொற்களை உதிர்த்துவிடுகிறாள். மார்க்கியும் அவருடைய குடும்பமும் கில்லட்டினுக்குப் போகிறார்கள். திருமணமாகி இருபத்து நான்கு மணி நேரம்கூட ஆகாத நிலையில் இச்செய்தி அந்நியர் வாய்வழியாகப் பெர்சியின் காதுக்கு எட்டுகிறது. அவர் விளக்கம் கேட்கிறார். அவளோ நடந்ததை மட்டும் ஒப்புக்கொண்டு, ஏன் நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறாள். காரணம் கேட்காமலே தன்னை நம்புகிற அளவுக்கு அவருடைய காதல் பெரிதா என்று பார்க்க வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். அவரோ ஒரு சொல் சொல்லியிருந்தால் எதையும் நம்பியிருப்பேன் என்று மனத்துக்குள் குமைந்துகொண்டு, முகத்தில் அந்த அசட்டுச் சிரிப்பை ஒட்டவைத்துக்கொள்கிறார்.

பழைய உரையாசிரியர்கள் காதலர் பிணக்கில் புலவியை இளைய கலாம் (சிறு ஊடல்) என்றும் துனியை முதிர்ந்த கலாம் என்றும் பிரித்துச் சொல்வதுண்டு. இங்கே நாம் காண்பது துனி. தணிக்கத் தோழியும் இல்லை, தூது செல்லப் பாணனும் இல்லை. இருவரும் ஒரே மாளிகையில் வாழ்ந்து, ஒரே வண்டியில் விருந்துக்குச் சென்று, குறையற்ற மரியாதையோடு ஒருவரையொருவர் தள்ளி வைத்திருக்கிறார்கள். சினம் கொண்டு கத்தும் கணவனை விட, இடுப்பை வளைத்து வணங்கிக் கதவைத் திறந்துவிடும் கணவன் எவ்வளவு கொடியவனாக இருக்க முடியும் என்பதைக் காட்டும் பக்கங்களே இந்நாவலின் ஆகச் சிறந்த பக்கங்கள் என்பது என் கருத்து.

வட்டத்தில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் பெர்சியை மன்னிக்கவே முடியாது என்றார். அவருடைய வாதம் கூர்மையானது. இரகசியத்தை மனைவியிடம் சொல்லாதது ஒன்று, மனைவியை அவமதிப்பாக நடத்துவது வேறொன்று. முதலாவதற்குக் காரணம் இருக்கலாம், இரண்டாவதற்கு என்ன காரணம் என்று கேட்டார். வங்கியில் பணிபுரியும் தோழி இதற்கு நேர் எதிரான நிலையை எடுத்தார். பத்தொன்பது பேரின் உயிரும், காப்பாற்றப்பட வேண்டிய எத்தனையோ குடும்பங்களின் உயிரும் தன் நாவைப் பொறுத்திருக்கும்போது, ஒரு குடும்பத்தையே வாய்ச்சொல்லால் கொலைக்களத்துக்கு அனுப்பியதாக ஒப்புக்கொண்ட பெண்ணிடம் நெருங்கிப் பழகிக்கொண்டே இரகசியம் காப்பது மனிதனால் ஆகக்கூடியதா, அன்பு காட்டத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பது அவருடைய கேள்வி. எனக்கு இருவர் பேச்சிலும் நியாயம் தெரிந்தது. ஆனால் என் சாய்வு மாணவியின் பக்கமே. பெர்சி ஒரு முறை கேட்டார், உண்மைதான். இரண்டாம் முறை கேட்பதைத் தன்மானம் தடுத்துவிட்டது. எதிரியின் கோட்டைக்குள் மாறுவேடத்தில் நுழையத் துணிந்தவருக்குத் தன் மனைவியின் அறைக் கதவைத் தட்டத் துணிவில்லை. ஆசிரியை இந்த முரணை அறிந்தேதான் எழுதியிருக்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் அதன் கணக்கைத் தீர்க்கும்போது தராசு சற்றே சாய்ந்துவிடுகிறது. மார்கரீட் பிரான்சின் காலே துறைமுகம் வரை கடல் கடந்து, இருளில் கால் புண்ணாகும்வரை நடந்து தன் பிழைக்கு ஈடு கட்டுகிறாள். பெர்சியோ கடைசியில் பாறைகளுக்கிடையே, மன்னிக்க வேண்டியவை என்னிடமும் நிறைய உண்டு என்ற பொருளில் இரண்டு மூன்று வாக்கியங்கள் சொல்வதோடு விடுபட்டுவிடுகிறார்.

மார்கரீட்டை அந்தப் பிழைக்குள் தள்ளுபவன் பிரெஞ்சு அரசின் முகவனான ஷோவ்லான். ஆர்மான் எழுதிய கடிதம் ஒன்று அவன் கையில் சிக்கியிருக்கிறது. அண்ணன் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அந்த இரகசியத் தலைவர் யாரென்று கண்டறிய உதவ வேண்டும் என்று மிரட்டுகிறான். வெளியுறவு அமைச்சர் கிரென்வில் பிரபுவின் விருந்தில், தான் காட்டிக்கொடுப்பது தன் கணவரைத்தான் என்று அறியாமலே அவள் துப்புக் கொடுத்துவிடுகிறாள். முன்பு சேன் சீர் குடும்பத்துக்கு எண்ணாமல் செய்த அதே தவற்றை இப்போது எண்ணித் துடித்துக்கொண்டே மீண்டும் செய்ய வைத்திருப்பது நல்ல கதைக்கட்டு.

விருந்து முடிந்து, தேம்ஸ் கரையோரமாக வண்டியில் ரிச்மண்டில் உள்ள தங்கள் மாளிகைக்குத் திரும்பியபின், விடியப்போகும் வேளையில் மாடிமுற்றத்தில் நடக்கும் பேச்சு பதினாறாம் அத்தியாயத்தில் வருகிறது. நூலுக்குக் கொடுத்த விலை இந்த ஓர் அத்தியாயத்துக்கே தகும். அண்ணனைக் காப்பாற்றும்படி கெஞ்ச வருகிறாள் மார்கரீட். ஆனால் கெஞ்சுவதற்கு முன், அவருடைய காதல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள். ஓராண்டாகப் பேசாதவை எல்லாம் வெளியே வருகின்றன. ஒவ்வொரு முறையும் அவர் இளகப் போகிறார் என்று நாம் நினைக்கும் கணத்தில், அந்தச் சோம்பல் குரல் திரும்பி வந்து கதவைச் சாத்திவிடுகிறது. இருந்தும், ஆர்மானுக்குத் தீங்கு நேராது என்று வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கை எப்படி நிறைவேற்றப் போகிறார் என்பது அவளுக்குப் புரியவில்லை. அவள் உள்ளே போனபின் ஆசிரியை செய்வது மிக அழகானது. அதுவரை பெரும்பாலும் மார்கரீட்டின் கண்வழியாகவே காட்டிவந்தவர், அவள் திரும்பிப் பார்த்திருந்தால் கண்டிருப்பாள் என்று சொல்லி, நம்மை மட்டும் அங்கேயே நிறுத்திவைக்கிறார். யாருமற்ற முற்றத்தில் பெர்சி மண்டியிட்டு, அவளுடைய பாதம் பட்ட படிகளையும் கை பட்ட கைப்பிடிச் சுவரையும் ஒவ்வொன்றாக முத்தமிடுகிறார். எங்கள் கூட்டத்தில் பெர்சியைக் கடுமையாகச் சாடிய மாணவியே இந்தப் பக்கத்தை இருமுறை படித்ததாக ஒப்புக்கொண்டார். இதையே பெர்சி அவள் முன்னால் செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்குமே என்று தோழி சொன்னதற்கு எவரிடமும் பதில் இல்லை.

இந்தக் காட்சிகள் நடிப்பதற்கென்றே எழுதப்பட்டவை போல் இருப்பதற்குக் காரணம் உண்டு. நாவல் அச்சாவதற்கு முன்பே, ஆர்ட்சியும் அவருடைய கணவர் மாண்டேகு பார்ஸ்டோவும் சேர்ந்து அமைத்த நாடகம் 1903இல் நாட்டிங்ஹாம் நகரில் அரங்கேறியது. 1905 ஜனவரியில் லண்டனுக்கு வந்தபோது விமர்சகர்கள் முகம் சுளித்தாலும் மக்கள் திரண்டார்கள். பெர்சியாகவும் மார்கரீட்டாகவும் நடித்த பிரெட் டெரியும் ஜூலியா நீல்சனும் வாழ்க்கையிலும் கணவன் மனைவியே. மேடைக்கான எழுத்தின் குறையும் நாவலில் தங்கியிருக்கிறது. மனத்தில் உள்ளதை உரக்கச் சொல்வது, அழகிய கண்கள், சின்னஞ்சிறு கைகள் என்று ஒரே அடைமொழிகளைத் திரும்பத் திரும்ப அடுக்குவது ஆகியவை இன்றைய வாசகரைச் சோர்வுறச் செய்யும். மார்கரீட்டின் அறிவுக்கூர்மை பற்றிய புகழுரையும் அவற்றில் ஒன்று. அத்தனை முறை சொல்லப்பட்டும், தன் வீட்டிலேயே இருக்கும் இரகசியத்தை ஒரு மோதிரத்தைக் கண்டெடுத்த பிறகும் தோழி ஒருத்தி பேச்சுவாக்கில் சொல்லும் செய்தி வந்து சேர்ந்த பிறகுமே அவள் உணர்கிறாள் என்பது பலருக்கும் நகைப்பாக இருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறுத்தொதுக்கிய முகத்தை உற்றுப் பார்ப்பவர் யார்?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் எங்கள் வட்டத்தின் மூத்தவர். அவருக்கு நாவலின் வரலாறு பெருந்தொல்லையாக இருந்தது. கில்லட்டின் 1792 ஏப்ரலில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் பாரிஸ் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டது உண்மை என்றாலும், அது கும்பல்கள் வாளாலும் ஈட்டியாலும் செய்த படுகொலை. நாள் முழுவதும் கில்லட்டின் ஓயாமல் இயங்குவதாக ஆர்ட்சி தீட்டும் சித்திரம் 1793–94ஆம் ஆண்டுகளுக்கு உரியது. உண்மையான ஷோவ்லானும் பிறப்பால் ஒரு மார்க்கி. அப்போது லண்டனில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர். நாவலில் வரும் கறுப்புடை ஒற்றனுக்கும் அவருக்கும் பெயரும் பதவியும் தவிர ஒற்றுமை குறைவு. இவற்றை விடப் பெரிய குறை, பஞ்சத்திலும் வரிச்சுமையிலும் நொந்த மக்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள் என்ற கேள்வியே நூலில் ஏறத்தாழ எழவில்லை என்பது. ஆசிரியையின் பிறப்பு இதை ஓரளவு விளக்கக்கூடும். 1865இல் ஹங்கேரியின் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். உழவர் கிளர்ச்சியின் அச்சத்தால் 1868இல் அந்தக் குடும்பம் பண்ணையை விட்டு வெளியேறியது. இருந்தாலும் காதல் கதைக்குத் தேவையான ஓர் உண்மையை அவர் மறைக்கவில்லை. ஆர்மானை அடித்துப் போட்ட பிரபுவின் திமிர்தான் அந்த மணவாழ்வின் முதல் விரிசல்.

கடைசி மூன்றில் ஒரு பங்கு பற்றி எங்களுக்குள் கருத்து வேற்றுமையே இல்லை. காலே பகுதிக்குக் கதை நகர்ந்தபின் மார்கரீட் ஒளிந்து நிற்பதும் ஒட்டுக்கேட்பதும் மயங்கி விழுவதுமாக ஒடுங்கிப்போகிறாள். அண்ணனையும் கணவரையும் எச்சரிக்கத் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் அவள் எழுப்பும் ஒரு கூக்குரல் மட்டுமே அவளுக்கு மிஞ்சுகிறது. அதைவிட உறுத்துவது, பெர்சி இறுதியில் பூணும் யூத முதியவர் வேடமும் அதை வருணிக்கும் இழிசொற்களும். ஷோவ்லானின் ஏளனத்தை மட்டும் காட்டியிருந்தால் பாத்திரத்தின் குணம் என்று கடந்திருக்கலாம். கதைசொல்லியின் குரலிலும் அதே வெறுப்பு ஒட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் அந்த அத்தியாயங்களை உடனிருந்து பேசிப் படிப்பது நல்லது.

ஆர்ட்சி 1947இல் காலமானதால் நூல் இந்தியாவில் பதிப்புரிமை நீங்கிவிட்டது. மின்னூலாக இலவசமாகவே கிடைக்கிறது. மலிவு அச்சுப்பதிப்பு ஒன்றை வாங்கி நான் ஏமாந்தேன். அத்தியாயத் தலைப்புகள் விடுபட்டு, பத்திகள் குழம்பிக் கிடந்தன. வாங்குவோர் முப்பத்தொரு அத்தியாயங்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கவும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கனவான்களின் வியப்புச் சொற்கள் முதலில் இடறினாலும் நான்காம் அத்தியாயத்துக்குள் காது பழகிவிடும்.

இதே தம்பதியரை வைத்து ஆர்ட்சி தொடர்ந்து பல நாவல்கள் எழுதினார். 1908இல் வந்த தொடர்ச்சியை ஆர்வத்தோடு எடுத்துப் பாதியில் வைத்துவிட்டேன். அதில் ஆபத்து முழுவதும் வெளியிலிருந்து வருகிறது. பெர்சியும் மார்கரீட்டும் ஒருவரையொருவர் முழுமையாக நம்புகிறார்கள்.