ஸ்கேன் மதியமே, விளக்கம் எப்போது?

சிட்னியிலிருந்து கோவை வந்து மூன்றாம் நாள், பெட்டியைத் தூக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. போன வருடம் இதே இடுப்பு வலிக்கு, கால் மரத்துப்போகவில்லை, சிறுநீர் அடைக்கவில்லை என்றால் ஸ்கேன் வேண்டாம் என்று அங்கே குடும்ப டாக்டர் அனுப்பிவிட்டார். இங்கே காலையில் போன், மதியம் எம்.ஆர்.ஐ. ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய். அந்த வேகத்தைக் குறை சொல்ல வாய் வராது.

"அக்கா, ஊக்கு கீக்கு மாட்டியிருக்கீங்ளா?" என்று ஸ்கேன் அறைப் பெண் கேட்டபோதுதான் தாலிக்கொடியில் மூன்று ஊக்கு தொங்குவது உறைத்தது. கொடியையே கழற்ற வேண்டியதாயிற்று. அம்மா பர்ஸிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து நீட்டினாள். இதற்கென்றே கொண்டுவந்திருக்கிறாள்!

மாலையே ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. கோளாறு அதற்கப்புறம்தான். நான் பார்த்த டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். "ஜவ்வு பிதுங்கியிருக்குங்கம்மா, தேய்மானமும் இருக்கு. ஆபரேஷன் பண்ணிக்கிறது நல்லது." ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு வயது 50. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. அதன்படி 50 வயதில் 80 சதவீதம் பேருக்குத் தேய்மானம், 60 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். தலை நரைப்பது போலத்தான். ரிப்போர்ட்டின் அடியில் இதை ஒரு வரி அச்சிட்டால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்!

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஜவ்வைத்தான் டிஸ்க் என்கிறார்கள். இத்தனைக்கும் டிஸ்க் ஆராய்ச்சியில் பேர்பெற்ற ஊர் இது. இங்குள்ள கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு டிஸ்க் பிதுங்கிய 181 நோயாளிகளை ஆராய்ந்து, பெரும்பாலானோருக்கு டிஸ்க்கின் வெளிவளையம் கிழியவில்லை, டிஸ்க்கும் எலும்பும் சேரும் தகடுதான் பிய்கிறது என்று 2013-இல் காட்டியது. சர்வதேசப் பரிசும் வாங்கியது.

மனம் கேட்காமல் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். நாற்பது நிமிடம் குனிய வைத்து, குதிகாலில் நடக்க வைத்துப் பார்த்துவிட்டு, "நரம்பு நல்லாருக்குங்க. படுத்துக்காதீங்க, நடங்க. வலி போனப்புறமும் விட்றாதீங்க" என்றார். அப்புறம் 2024-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வைச் சொன்னார். வலி தேறிய 701 பேரில், பயிற்சியோடு நடந்தவர்களுக்கு வலி திரும்ப 208 நாள், மற்றவர்களுக்கு 112. செய்தது சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகம். என் வீட்டிலிருந்து அரை மணி நேரம்.

இப்போது காலையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதை. 74 வயது அம்மா விறுவிறுவென்று முன்னால் போய், எனக்காக நின்றுகொண்டிருக்கிறாள்.