தொலைந்த மெசேஜைத் தேட: காஃப்கா ஸ்ட்ரீம்ஸா, ஃப்ளிங்கா?

காஃப்கா மெசேஜ்களை டாபிக் எனும் வரிசைகளில் சேமித்து அனுப்பும் அமைப்பு. அதில் ஆர்டர் டாபிக்கையும் பேமென்ட் டாபிக்கையும் ஆர்டர் எண்ணை வைத்து ஜாயின் செய்வது (இணைப்பது) எங்கள் வேலை. இப்படி ஓடிவரும் மெசேஜ்களைக் கையாளும் காஃப்கா ஸ்ட்ரீம்ஸ், ஃப்ளிங்க் இரண்டையும் சில மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்ட்ரீம்ஸோடு நின்றுவிட்டோம். ஃப்ளிங்குக்குத் தனி கிளஸ்டர் (சர்வர் கூட்டம்) வேண்டும், ஸ்ட்ரீம்ஸ் வெறும் ஜாவா லைப்ரரி என்பதெல்லாம் தெரிந்த கதை. நான் பார்த்தது ஒன்றைத்தான்: மெசேஜ் காணாமல் போனால் எங்கே போய்த் தேடுவது?

தாமதமாக வரும் மெசேஜ் விஷயத்தில் ஃப்ளிங்க்தான் மேல். விண்டோ, அதாவது மெசேஜ்கள் சேரக் காத்திருக்கும் கால இடைவெளி, மூடியபின் வருவதை இரண்டுமே தள்ளிவிடும், தள்ளியவற்றின் எண்ணிக்கை மெட்ரிக்கில் (கண்காணிப்புக் கணக்கில்) ஏறும். ஆனால் ஃப்ளிங்க் விண்டோவில் அவற்றை சைடு அவுட்புட் எனும் தனி வெளியீட்டில் பிடித்து வைக்கலாம். ஸ்ட்ரீம்ஸில் லாகில் ஓர் எச்சரிக்கை வரி வரும், அதோடு சரி.

எங்களுக்கு வந்த வினை வேறு. பணம் கட்டிய சில ஆர்டர்கள் ஜாயினில் வரவேயில்லை. தாமதம்தான் என்று நினைத்து கிரேஸ் நேரத்தை (தாமதமானவற்றுக்குத் தரும் கூடுதல் அவகாசத்தை) கூட்டி இரண்டு நாள் வீணாயிற்று. மெட்ரிக்கிலோ தள்ளப்பட்டது பூஜ்யம். பிறகுதான் ஜாயின் ஸ்டோர்களின் சேஞ்ச்லாக் நினைவுக்கு வந்தது. ஸ்ட்ரீம்ஸ் தன் ஸ்டேட்டை (ஜாயினுக்காக ஸ்டோரில் பிடித்து வைத்திருப்பதை) எழுதிவைக்கும் இந்த டாபிக்குகளும் சாதாரண காஃப்கா டாபிக்குகள்தான். டாபிக்கைத் திரையில் காட்டும் கன்சோல் கன்சூமர் கட்டளையைப் போட்டால் போதும். மெசேஜின் சாவியான ஆர்டர் எண்ணுக்குப் பின்னால் நேரமுத்திரை பைட்டுகள் குப்பையாகத் தெரியும், ஆர்டர் எண்ணை மட்டும் படித்துக்கொள்ளலாம். காணாமல் போன ஆர்டர் இரண்டு பக்கமும் இருந்தது: ஆர்டர் 3ஆம் பார்ட்டிஷனில் (டாபிக்கின் ஒரு துண்டில்), பேமென்ட் 7இல். ஒவ்வொரு பார்ட்டிஷன் எண்ணையும் ஸ்ட்ரீம்ஸ் ஒரு தனி டாஸ்க்கிடம் கொடுக்கும். வெவ்வேறு டாஸ்க்குகளில் இருப்பவை எப்படிச் சந்திக்கும்?

புதிதாகச் சேர்ந்த ஒரு பேமென்ட் சர்வீஸை நாங்கள் பைதானில், லிப்ஆர்டிகாஃப்கா என்ற லைப்ரரி மேல் எழுதியிருந்தோம். சாவியை வைத்து மெசேஜ் எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்று முடிவுசெய்வது பார்ட்டிஷனர். அந்த லைப்ரரியின் இயல்பான பார்ட்டிஷனர் சிஆர்சி32 என்ற கணக்குமுறை. ஜாவா புரொடியூசருடையதோ (மெசேஜ் அனுப்பும் பகுதியுடையதோ) மர்மர்2 என்ற வேறு முறை. பார்ட்டிஷன் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று ஸ்ட்ரீம்ஸ் சரிபார்க்கும், பார்ட்டிஷனரைப் பார்க்காது. போதாததற்கு, 12 பார்ட்டிஷனில் ஏறக்குறைய 12க்கு ஒன்று தற்செயலாகப் பொருந்திவிடும். அதனால் அந்த சர்வீஸ் மேல் சந்தேகமே வரவில்லை. பார்ட்டிஷனரை மர்மர்2_ரேண்டம் என்று மாற்றியதும் புதிதாக வந்தவை சேர ஆரம்பித்தன.

நியாயமாகச் சொன்னால், ஃப்ளிங்கில் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அதன் கீபை (சாவிப்படி பிரிக்கும் கட்டளை) எல்லாவற்றையும் தானே மறுபடி பிரித்து அனுப்பிவிடும். ஆனால் அந்தப் பிரிப்பு நெட்வொர்க்கிலேயே நடந்து முடிந்துவிடுகிறது, தடம் எதுவும் மிஞ்சாது. உள்ளே ஒரு சாவி எங்கே நின்றது என்று பார்க்க, சேவ்பாயின்ட் (அப்போதைய ஸ்டேட்டின் நகல்) எடுத்து, அதைப் படிக்கும் ஸ்டேட் புராசஸர் ஏபிஐயில் ஒரு புரோகிராம் எழுதி ஓட்டவேண்டும். ராத்திரி 2 மணிக்கு ஒற்றைக் கட்டளையில் பார்த்துவிடுவதா, புரோகிராம் எழுதுவதா என்றால் எனக்கு முன்னதுதான்.

எங்கள் ஸ்டேட் சில ஜிபிதான். டெராபைட் கணக்கில் நான் ஓட்டியதில்லை. அந்த அளவுக்கு சேஞ்ச்லாக்கை முதலிலிருந்து படித்து ஸ்டோரை மீட்பது நேரம் தின்னும். அப்படிப்பட்டவர்கள் ஃப்ளிங்கையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.