கிப்லி அருங்காட்சியகம், மிட்டாகா: வரைந்த கைகளைக் காட்டும் வீடு

டோக்கியோவின் மேற்கே, ஷிஞ்சுகுவிலிருந்து சூவோ ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் வந்துவிடும் மிட்டாகாவில், இனோகாஷிரா பூங்காவின் மரங்களுக்கு இடையே இருக்கிறது, ஜப்பானின் அனிமேஷன் ஸ்டுடியோவான கிப்லியின் அருங்காட்சியகம். 2001 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட இந்த இடத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கூரைத் தோட்டத்தில் நிற்கும் இயந்திர வீரனையும், சிறுவர்கள் ஏறிக் குதிக்கும் பூனைப் பேருந்தையும் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். நான் எட்டு ஆண்டுகள் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவில் இன்-பிட்வீன், அதாவது ஓர் அசைவின் முக்கிய ஓவியங்களுக்கு இடையில் வரும் ஓவியங்களை, வரைந்து குடும்பம் நடத்தியவன். அந்தத் தொழிலில் இருந்தவன் கண்ணுக்கு இந்த இடம் எப்படித் தெரிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நுழைவுச் சீட்டு. வாசலில் சீட்டு விற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி ஜப்பான் நேரப்படி காலை 10 மணிக்கு அடுத்த மாதத்துக்கான சீட்டுகள் இணையத்தில் வருகின்றன. நமக்கு அப்போது காலை 6.30. பெரியவர்களுக்கு 1000 யென். சீட்டில் பெயர், நாள், நுழையும் நேரம் மூன்றும் இருக்கும் என்பதால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். பயணத் தேதி முடிவானவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். இவ்வளவு சிரமம் எதற்கு என்று எனக்கும் முதலில் தோன்றியது. உள்ளே போன பிறகுதான், கூட்டத்தை இப்படிக் கட்டுப்படுத்தாவிட்டால் அந்தச் சிறிய அறைகளில் ஒரு சுவரைக்கூட நின்று பார்க்க முடியாது என்பது புரிந்தது.

உள்ளே நுழையும்போது சீட்டை வாங்கிக்கொண்டு, உண்மையான 35 மி.மீ. படச்சுருளிலிருந்து வெட்டிய ஒரு துண்டை அட்டையில் வைத்துத் தருகிறார்கள். அதில் மூன்று சட்டங்கள் (ஃபிரேம்கள்) இருக்கும். எனக்குக் கிடைத்த துண்டில் ஒரு சிறுமி படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது முதல் இரண்டு சட்டங்களும் ஒரே ஓவியம். மூன்றாவதில் மட்டும் பாவாடையின் விளிம்பு ஒரு மயிரிழை மேலே ஏறியிருந்தது. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில் ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்துப் பிடிப்பது வழக்கம் என்பதால், ஒரு நொடிக்குப் பன்னிரண்டு ஓவியங்கள் தேவைப்படும். செலவைக் குறைக்க வேண்டிய தொலைக்காட்சித் தொடர்களில் மூன்று சட்டங்களுக்கு ஒன்று என்று எட்டாகச் சுருக்குவார்கள். அந்த மயிரிழை நகர்வை, அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸ் மேல் தாளை வைத்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, அளவு பிசகாமல் வரைந்த ஒருவர் இருக்கிறார். பார்வையாளர் கையில் முதலில் கொடுக்கும் பொருளே அந்த வேலையின் ஒரு துண்டாக இருக்க வேண்டும் என்று யோசித்தவருக்கு என் வணக்கம்.

அருங்காட்சியகத்தின் உயிர் தரைத்தளத்தில் உள்ள ‘படம் பிறக்கும் இடம்’ என்ற பகுதியில் இருக்கிறது. ஐந்து சிறிய அறைகள் ஒரு படைப்பாளியின் பணியறையைப் போல அமைக்கப்பட்டிருக்கின்றன. சுவர் முழுவதும், கூரையைத் தொடும்வரை, பென்சில் ஓவியங்களும் வண்ணப் படங்களும் குத்தப்பட்டிருக்கின்றன. மேசையில் புத்தகங்கள், தூரிகைகள், வண்ணக் குப்பிகள். மேலே தொங்கும் விமான மாதிரிகள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, கீழே பெயர்ப்பலகை வைத்துப் பார்க்கச் சொல்லும் முறை இங்கே இல்லை. வரைந்துகொண்டிருந்தவர் தேநீர் குடிக்க எழுந்து போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்ற எண்ணம்தான் வருகிறது. படத்தின் காட்சிகளை வரிசையாக வரைந்து திட்டமிடும் ஸ்டோரிபோர்டுகளின் தடிமனான தொகுப்புகளை நாமே கையால் புரட்டிப் பார்க்கலாம். பிரசவ அறையைப் போல அலங்கோலமும் உழைப்பும் கலந்த ஓர் இடத்திலிருந்துதான் படம் வெளியே வருகிறது என்பதை மறைக்காமல் காட்டியிருக்கிறார்கள்.

அங்கே ஓர் அலமாரியில், கண்ணாடி ஜாடிகளில், விரல் நுனியால்கூடப் பிடிக்க முடியாத அளவு தேய்ந்த பென்சில் துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். என்னோடு வந்திருந்தவன் என் பழைய ஸ்டுடியோவில் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவன். வெகுநேரம் அந்த ஜாடியின் முன்னால் நின்றுவிட்டு, “நம்ம துண்டெல்லாம் எங்கடா போச்சு?” என்றான். எங்கள் ஸ்டுடியோவில் பழைய துண்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஸ்டோரில் புதுப் பென்சில் தருவார்கள். துண்டு அப்படியே குப்பைக் கூடைக்குப் போகும். ஓவியத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் எங்களுக்குச் சம்பளம். சரியில்லை என்று ஓவியம் ரீடேக்குக்குத் திரும்பி வந்தால் மறுபடி வரைவதற்குக் காசு கிடையாது. தேய்ந்த பென்சிலை ஒரு மனிதன் செலவழித்த நாட்களின் கணக்காகப் பார்த்து, அதைப் பிறர் கண்ணுக்கு முன்னால் வைத்த இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த ஒரு ஜாடிக்காகவே 1000 யென் தகும்.

தரைக்குக் கீழே உள்ள தளத்தில் படம் அசையத் தொடங்கிய வரலாற்றுக்கு ஓர் அறை இருக்கிறது. அதில் கிப்லி படமொன்றில் வரும் டோட்டோரோ என்ற காட்டு உயிரும் சிறுமிகளும் வட்ட மேடை ஒன்றில் நூற்றுக்கணக்கான சிறு பொம்மைகளாக நிற்கிறார்கள். ஒவ்வொரு பொம்மையும் அடுத்ததிலிருந்து சற்றே மாறுபட்டது. மேடை சுழலும்போது முதலில் எல்லாம் மங்கிக் கலைந்துவிடுகிறது. மின்னல் வெட்டுவது போல ஒளி விட்டுவிட்டு மின்னத் தொடங்கியதும், அத்தனை பொம்மைகளும் ஒரே நொடியில் உயிர்பெற்றுக் குதிக்கின்றன. சுற்றி நின்றவர்களில் பெரியவர்களும் வாய்விட்டு வியந்தார்கள். அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் இதைப் பார்த்துத்தான் தனக்கென ஒன்றைச் செய்துகொண்டது. அனிமேஷன் என்றால் என்ன என்று கேட்கும் மாணவரிடம் ஒரு மணி நேரம் பேசுவதைவிட இதன் முன்னால் மூன்று நிமிடம் நிறுத்திவைப்பது மேல்.

‘சனிக்கோள்’ என்று பெயரிட்ட சிறிய திரையரங்கில், இந்த அருங்காட்சியகத்துக்காகவே தயாரித்த குறும்படங்களில் ஒன்றைக் காட்டுகிறார்கள். நாங்கள் போன அன்று ‘யாதோ சகாஷி’, அதாவது வீடு தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. காற்று, ஆறு, பூச்சி என எல்லா ஓசைகளும் மனிதக் குரலாலேயே எழுப்பப்பட்டவை. அந்த ஓசைகள் ஜப்பானிய எழுத்துகளாகத் திரையிலும் பறந்து வருகின்றன. மொழி தெரியாத எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. படம் ஓட்டும் அறையையும் கண்ணாடி வைத்து, உள்ளே இயங்குவது தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். இங்கேயும் வேலையை மறைக்கவில்லை.

இவ்வளவு பாராட்டிய பிறகு ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். உழைப்பின் அழகைக் காட்டும் இந்த இடத்தில் உழைப்பின் விலையை நான் எங்கும் காணவில்லை. 2013-இல் வந்த ‘காற்று எழுகிறது’ என்ற கிப்லி படத்தில் நிலநடுக்கத்தில் மக்கள் கூட்டம் நகரும் நான்கு நொடிக் காட்சியை வரைய எய்ஜி யாமாமோரி என்ற அனிமேட்டர் ஓராண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அப்படி உட்கார்ந்து வரைய மாதச் சம்பளம் வேண்டும். 1963-இல் ஜப்பானில் தொலைக்காட்சிக்கு வாராவாரம் அனிமேஷன் தொடங்கியபோது குறைந்த பணத்துக்கு ஒப்புக்கொண்டதன் சுமையை அந்தத் துறை இன்றுவரை இறக்கிவைக்கவில்லை. ஜப்பான் அனிமேட்டர்கள் சங்கம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்-பிட்வீன் வரைபவர்களின் ஆண்டுச் சராசரி வருமானம் ஏறத்தாழ 11 லட்சம் யென். டோக்கியோவில் அதை வைத்து வாடகை கொடுத்துச் சாப்பிடுவது கடினம். கிப்லியை நிறுவிய ஹயாவோ மியாசாகியும் இசாவோ தகாஹதாவும் இளவயதில் தோயெய் என்ற அனிமேஷன் ஸ்டுடியோவின் தொழிற்சங்கத்தில் பொறுப்பு வகித்தவர்கள். 1989-க்குப் பின் ஓவியத்துக்கு இவ்வளவு என்ற கணக்கைக் கைவிட்டு, தன் கலைஞர்களை நிரந்தர ஊழியர்களாக வைத்துக்கொண்ட ஸ்டுடியோ கிப்லி. தயாரிப்புப் பிரிவைக் கலைப்பதாக 2014-இல் அறிவித்ததும் அதே ஸ்டுடியோதான். இந்த வரலாறு பெருமையும் வருத்தமும் சேர்ந்தது. அந்தப் பென்சில் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு அட்டையில் இதையும் எழுதி வைத்திருந்தால் அந்தத் துண்டுகளுக்கு இன்னும் முழுமையான மரியாதையாக இருந்திருக்கும்.

உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது என்ற விதியைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. 2025 மார்ச்சில் நம் கைப்பேசிகளெல்லாம் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய ‘கிப்லி பாணி’ குடும்பப் படங்களால் நிறைந்தது நினைவிருக்கும். நொடியில் வந்துவிழுந்த அந்தப் படங்களைப் பகிர்ந்தவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர்களில் யாராவது டோக்கியோ போனால், கையில் கைப்பேசி இல்லாமல் அந்தச் சுவர்களின் முன் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

உணவகத்தில் வரிசை நீளம். நாங்கள் சாப்பிடாமலே வந்துவிட்டோம். நினைவுப்பொருள் கடையில் நெரிசலும் விலையும் அதிகம். அதைவிட மேல்தளத்துப் புத்தகக் கடையில் நேரம் செலவிடலாம். விளக்கக் குறிப்புகள் குறைவு, இருப்பவையும் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான். இன்ன வழியாகத்தான் போக வேண்டும் என்ற ஏற்பாடும் இல்லை. துறையைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள், ஓர் அனிமேஷன் படம் எந்தெந்தக் கட்டங்களைக் கடந்து வருகிறது என்பதை மட்டும் முன்கூட்டிப் படித்துவிட்டுப் போனால் பாதி அறைகள் தாமாகவே பேசும். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். காலையின் முதல் நேரத்துக்குச் சீட்டு கிடைத்தால், வேறெங்கும் நிற்காமல் நேரே ‘படம் பிறக்கும் இடம்’ போய்விடுங்கள். கூட்டம் சேர்வதற்கு முன் அந்த மேசையின் அருகே தனியாக நிற்கச் சில நிமிடங்கள் கிடைக்கும்.