டோலோவா, காம்பிஃப்ளாமா, டைக்ளோவா? கவுன்டருக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரு ஒப்பீடு

"அண்ணே, டோலோ கேக்க மாட்டேங்குது, கொஞ்சம் பவரா ஏதாவது குடுங்க." மெடிக்கல் வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் இந்த வசனம் மனப்பாடம். போன ஐப்பசி மழையில ஒரு தம்பி வந்தான், ரெண்டு நாளா காய்ச்சல், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, கண்ணுக்குப் பின்னாடி குத்துதுன்னு சொல்லி காம்பிஃப்ளாம் கேட்டான். இல்லப்பா டோலோவே போடு, தண்ணி நிறைய குடி, நாளைக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிடுன்னு சொன்னேன், மொறைச்சுட்டு எதிர் கடைக்குப் போயிட்டான். அவன் பாட்டுக்கு வாங்கிட்டுப் போனத இங்கிருந்தே பாத்துட்டு நின்னேன். அவன் கேட்டது தப்பான மாத்திரைன்னு சொல்ல மாட்டேன், பல்வலிக்குக் கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன். அந்தக் காய்ச்சலுக்கு அது தப்பு.

நம்ம ஊர்ல பாராசிட்டமால்னா (டோலோவுல இருக்கறது) லைட்டு, இபுப்ரோஃபென்னா (காம்பிஃப்ளாம்ல இருக்கறது) மீடியம், டைக்ளோஃபெனாக்னா (அதான் டைக்ளோ) ஸ்ட்ராங்கு, ஊசின்னா உச்சம், இப்படி காபி மாதிரி ஒரு வரிசை எல்லார் மண்டையிலயும் இருக்கு. அந்த வரிசையே கோளாறு, ஏன்னா பாராசிட்டமால் உடம்புக்குள்ள ஒரு எடத்துல வேல செய்யுது, மத்த ரெண்டும் வேற எடத்துல.

கொஞ்சம் உள்ள போவோம். கால்ல அடிபட்டா அந்த எடத்துல காக்ஸ்னு ஒரு என்சைம் புரோஸ்டாகிளான்டின்ங்கற சரக்க தயாரிக்குது, அதனாலதான் வீக்கம், சூடு, வலி எல்லாம். அதே சரக்கு மூளைக்குப் போனா உடம்போட சூட்ட ஏத்தி வைக்குது, அதான் காய்ச்சல். ஆஸ்பிரின் வகையறா இத தடுத்துத்தான் வேல செய்யுதுன்னு 1971ல ஜான் வேன்ங்கற ஆங்கிலேயர் கண்டுபிடிச்சாரு, 1982ல நோபலும் வாங்குனாரு. சிக்கல் என்னன்னா இந்தப் புரோஸ்டாகிளான்டின் வில்லன் மட்டும் கெடையாது. வயித்துச் சுவத்துக்கு ஆசிட் அரிக்காம வழவழன்னு பூச்சு போடறதும் அதுதான், ரத்த ஓட்டம் குறையற நேரத்துல கிட்னிக்குப் போற ரத்தக் குழாய விரிச்சுப் புடிச்சுக்கறதும் அதுதான்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபினமிக் ஆசிட் இதெல்லாம் அந்த என்சைம உடம்பு பூரா அடைக்குது. ஒரு ரூம் லைட்ட அணைக்க வீட்டு மெயினையே எறக்கற மாதிரி. வலி போகும், கூடவே வயித்துப் பூச்சும் போகும், கிட்னியோட பாதுகாப்பும் போகும். பாராசிட்டமால் பெரும்பாலும் மூளை, நரம்பு பக்கம்தான் வேல செய்யுது, வீங்கிக் கெடக்கற எடத்துல அதோட பாச்சா அவ்வளவா பலிக்காது. அதனாலதான் சுளுக்குக்குப் போட்டா "கேக்கல"ன்னு தோணுது, அதனாலேயேதான் வயித்துக்கும் கிட்னிக்கும் சாது. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்.

இப்ப பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்போம். காய்ச்சல்னா என் ஓட்டு பாராசிட்டமாலுக்குத்தான், அதுவும் மழைக்காலத்துல கண்ண மூடிட்டு. இபுப்ரோஃபெனும் காய்ச்சல எறக்கும், சொல்லப்போனா ஆறேழு மணி நேரம் நின்னு எறக்கும், பாராசிட்டமால் நாலஞ்சு மணி நேரம்தான். ஆனா வந்தது டெங்குவா இருந்தா? டெங்குல பிளேட்லெட் (ரத்தத்த உறைய வைக்கற அணு) எறங்குது, ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசியுது. இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் மிச்சம் இருக்கற பிளேட்லெட்டையும் ஒட்ட விடாம பண்ணி, வயித்தையும் புண்ணாக்கி, ரத்தக் கசிவுக்கு வழி போட்டுக் குடுத்துடும். முதல் ரெண்டு நாள்ல டெங்குவா சாதா வைரலான்னு மொகத்தப் பாத்துச் சொல்ல யாராலயும் முடியாது, அதான் டெங்கு இல்லன்னு தெரியற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும். இன்னொண்ணு, டெங்குல ஆபத்தான நேரமே காய்ச்சல் எறங்கற சமயத்துலதான் ஆரம்பிக்கும், விடாத வாந்தி, கடுமையான வயித்துவலி, ஈறுல ரத்தம், ஆளு தொவண்டு போறது இதெல்லாம் பாத்தா காய்ச்சல்தான் விட்டுடுச்சேன்னு வீட்ல உக்காந்திருக்காதீங்க.

பல்வலிக்கு கதை தலைகீழ். அங்க வீக்கம்தான் பிரச்சன, அதனால இபுப்ரோஃபென் ஜெயிக்கும், இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேந்தா இன்னும் நல்லா ஜெயிக்கும். காம்பிஃப்ளாம்ல இருக்கறதே அதுதான், இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், பாராசிட்டமால் 325. தெரியாம நெறைய பேர் காம்பிஃப்ளாமும் போட்டு மேல ஒரு டோலோவும் போடறாங்க, ரெண்டுலயும் பாராசிட்டமால் இருக்குன்னு அட்டையத் திருப்பிப் பாத்தாதானே தெரியும். மாசாந்திர வயித்துவலிக்கும் இபுப்ரோஃபென் இல்லன்னா மெஃபினமிக் ஆசிட்தான் சரி, ஏன்னா கர்ப்பப்பைய இறுக்கறதே புரோஸ்டாகிளான்டின்தான், தயாரிக்கற எடத்துலயே அடைக்கணும். வலி ஆரம்பிக்கும்போதே போட்டுடணும், சுருண்டு படுத்தப்புறம் போட்டா பாதி பலன்தான். மெஃபினமிக் போட்டு தோல்ல தடிப்பு, காய்ச்சல், நெறி கட்டறதுன்னு வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க, அபூர்வமா கடுமையான அலர்ஜி வருதுன்னு 2023 கடைசியில மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கையே வந்துச்சு.

இடுப்புவலி? இங்க பாராசிட்டமால் பேருக்குத்தான். ஆஸ்திரேலியாவுல 1,600 பேருக்கு மேல வெச்சுப் பண்ண ஒரு ஆராய்ச்சி 2014ல வந்துச்சு, திடீர்னு புடிக்கற இடுப்புவலியில பாராசிட்டமால் போட்டவங்களும் வெத்து மாத்திரை போட்டவங்களும் கிட்டத்தட்ட ஒரே நாள் கணக்குலதான் சரியாகியிருக்காங்க. அதாவது தானா சரியாகுது. படுத்தே கெடக்காம நடமாடறதும் ஒத்தடமும்தான் மொதல்ல, தாங்க முடியலன்னா ரெண்டு மூணு நாள் இபுப்ரோஃபென், அதுவும் உங்களுக்கு ஒத்துக்கற ஆளா இருந்தா.

யாருக்கு ஒத்துக்காதுங்கறதுதான் பெரிய கதை. எங்க பெரியப்பா ஒருத்தர், எழுவது வயசு, பிரஷர் மாத்திரை வருஷக்கணக்கா போடறவரு. முட்டி வலிக்குன்னு சந்தைக்குப் போற வழியில ஒரு கடையில காயிதத்துல மடிச்ச செட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டே இருந்திருக்காரு, மூணு மாசம். எங்கிட்ட கேட்டா திட்டுவேன்னு கேக்கல. கால் ரெண்டும் வீங்கி வந்தப்பதான் தெரிஞ்சுது, பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தா ஒரு டைக்ளோஃபெனாக், ஒரு கேஸ் மாத்திரை, பொடிசா ஒரு ஸ்டீராய்டு. கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியாட்டினின் அளவு எகிறிப் போயிருந்துச்சு. நல்லவேளை, நிறுத்தினதும் மெல்ல எறங்குச்சு, ஆனா பழைய எடத்துக்கு வரல.

என்ன நடந்துச்சுன்னா, அவரு பிரஷருக்குப் போடற மாத்திரை பேருக்குப் பின்னாடி ஒரு "ஹெச்" இருந்துச்சு, டெல்மிசார்டனோட நீர் பிரியற மருந்தும் சேந்தது. டெல்மிசார்டன் கிட்னி வடிகட்டியோட வெளியேறும் குழாய தளத்துது, நீர் மாத்திரை உடம்புத் தண்ணியக் குறைக்குது, இதுக்கு நடுவுல டைக்ளோ வந்து உள்ள வர்ற குழாயையும் சுருக்கிடுது. உள்ள வர்ற தண்ணியும் கம்மி, அழுத்தமும் கம்மின்னா வடிகட்டி எப்படி ஓடும்? கேஸ் மாத்திரை கூட இருக்கே பயமில்லன்னு நெனப்பாங்க, அது வயித்தத்தான் காக்கும், கிட்னிக்கு அதனால நயா பைசா பிரயோஜனம் இல்ல. பிரஷர், சுகர், கிட்னி கோளாறு, ஹார்ட் ஃபெயிலியர், அல்சர், ஆஸ்துமா இதுல எது இருந்தாலும் இபுப்ரோஃபென், டைக்ளோ பக்கம் சொந்த முடிவுல போகாதீங்க. வாந்தி பேதியில தண்ணி வத்திப்போன பிள்ளைக்கும் அதே.

டைக்ளோ மேல எனக்குத் தனிக் கோவம் உண்டு. இபுப்ரோஃபென விட அப்படியொண்ணும் வானத்தப் பொளக்கற வித்தியாசம் இல்ல, ஆனா ஹார்ட்டுக்கு ஆபத்து கூட, அதனால இங்கிலாந்துல 2015ல டைக்ளோ மாத்திரைய சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மாத்திட்டாங்க. இங்கயும் சட்டப்படி சீட்டு வேணும், நடக்கறது உங்களுக்கே தெரியும். பிணந்தின்னிக் கழுக கொன்ன மருந்தும் இதுதான், மாட்டுக்குப் போட்டு, செத்த மாட்ட கழுகு தின்னு, கிட்னி போய் கூட்டம் கூட்டமா செத்துச்சு. இந்தியாவுல 2006ல மாட்டுக்குப் போடறதத் தடை பண்ணாங்க, நம்ம நீலகிரிப் பக்கத்து மோயாறு பள்ளத்தாக்குல மிச்சம் இருக்கற கழுகுகளுக்கு அதான் உயிர்ப் பிச்சை. மனுசன் கழுகு இல்லதான், நமக்கு அந்த டோஸ்ல அப்படி ஆகாது, இருந்தாலும் கிட்னின்னதும் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

ஊசின்னா இன்னும் நல்லா கேக்கும்னு ஒரு நம்பிக்க. கொஞ்சம் சீக்கிரம் கேக்கும், அவ்வளவுதான். ஊசி வயித்துப் பக்கம் போகாது, அல்சர் வராதுன்னு நெனக்கறதும் தப்பு, ரத்தம் வழியா போய்த்தான் பூச்ச நிறுத்துது, எந்த வழியில ஏத்தினாலும் ஒண்ணுதான். முட்டி வலிக்கு டைக்ளோ வேணும்னா ஜெல் தேய்ங்க, ரத்தத்துல சேர்றது மாத்திரையில சேர்றதுல நூத்துக்கு ஆறு பங்கு மாதிரிதான்.

அப்ப பாராசிட்டமால் சாமியாரா? அதுவும் இல்ல, அதோட கெட்ட குணம் அளவு தாண்டினா தெரியும். கல்லீரல்ல ஒரு சின்ன பங்கு விஷப் பொருளா மாறும், அத குளூட்டாதயோன்னு ஒண்ணு புடிச்சு செயலிழக்க வெச்சுடும். அளவு மீறிப் போட்டா குளூட்டாதயோன் தீந்து போகும், அப்புறம் விஷம் கல்லீரலையே கடிக்கும். மொத நாள் சும்மா குமட்டல் மாதிரிதான் இருக்கும், ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் காமாலை, இதுதான் கொடுமை. அசிட்டைல்சிஸ்டீன்னு நல்ல மாத்து மருந்து இருக்கு, எட்டு மணி நேரத்துக்குள்ள ஏத்தினா பெரும்பாலும் காப்பாத்திடும். அதனால அதிகமா போட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா நல்லாத்தானே இருக்காங்கன்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கணக்கு இது: பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு மிஞ்சிப் போனா 4 கிராம், அதாவது 650 மாத்திரை ஆறு, அதுக்கு மேல தொடக் கூடாது. ஒரு டோலோ அட்டையில பதினஞ்சு மாத்திரை, கிட்டத்தட்ட பத்து கிராம், ரெண்டரை நாளுக்கான உச்ச அளவு கொஞ்ச ரூபாய்லயே கையில இருக்கு. இங்கிலாந்துல 1998லயே பாக்கெட்ட சின்னதாக்கிட்டாங்க, சூப்பர் மார்க்கெட்ல 16தான். தெனம் தண்ணி அடிக்கறவங்க, ரொம்ப மெலிஞ்சவங்க, கல்லீரல் கோளாறு உள்ளவங்க ஆறுக்கே போகாம டாக்டரக் கேட்டுக் குறைச்சுக்கணும். சளி மாத்திரைன்னு வாங்கற பாதியிலயும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கு, அத கணக்குல சேத்துக்கோங்க.

குழந்தைங்க சிரப்தான் எனக்கு நிஜமான பயம். ஒரே பேர்ல மூணு வீரியம் வருது: 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 5 மில்லிக்கு 250, சொட்டு மருந்து 1 மில்லிக்கே 100. பத்து கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம்னா மொதல்ல 6 மில்லி, ரெண்டாவதுல 3, சொட்டுல ஒண்ணரை. சொட்டு பாட்டில்ல 5 மில்லி ஊத்திட்டா 500 மில்லிகிராம். "பழைய பாட்டில் இருக்குண்ணே, எவ்வளவு ஊத்தணும்"னு போன்ல கேக்கறவங்ககிட்ட நான் பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லாம பதில் சொல்றதே இல்ல. வீட்டு ஸ்பூன் வேண்டாம், கூட வர்ற அளவு மூடி, இல்லன்னா சிரிஞ்ச்தான். ஆஸ்பிரின் பிள்ளைங்களுக்குக் கூடவே கூடாது, வைரல் காய்ச்சல்ல ரேய்ஸ்னு மூளையும் கல்லீரலும் கெடற நோய் வரலாம். நிமெசுலைடுன்னு இன்னொரு வலி, காய்ச்சல் மருந்து, அது 12 வயசுக்குக் கீழ 2011லயே தடை.

ஹார்ட்டுக்கு தெனம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் போடறவங்களுக்கு ஒரு வார்த்த. இபுப்ரோஃபென் போய் ஆஸ்பிரின் உக்கார வேண்டிய எடத்துல உக்காந்துக்கும், ஆஸ்பிரின் வேல செய்யாது. தவிர்க்க முடியலன்னா ஆஸ்பிரின் போட்டு அரை மணியாவது கழிச்சு, இல்லன்னா இபுப்ரோஃபெனுக்கு எட்டு மணி நேரம் கழிச்சு ஆஸ்பிரின், அதுவும் டாக்டரக் கேட்டுட்டு. கர்ப்பிணிகளுக்கு பாராசிட்டமால்தான், அஞ்சு மாசத்துக்கு மேல இபுப்ரோஃபென் கிட்டயே போகக் கூடாது.

எங்க வீட்டு டப்பாவுல பாராசிட்டமால் ஒரு அட்டை, இபுப்ரோஃபென் 400 ஒரு அட்டை, டைக்ளோ ஜெல் ஒண்ணு, ஓஆர்எஸ் நாலு பாக்கெட், அவ்வளவுதான். இபுப்ரோஃபென் அட்டை மேல மார்க்கர்ல "காய்ச்சலுக்கு இல்ல, சாப்ட்டு போடு, அப்பாவுக்குக் குடுக்காத"ன்னு எழுதி வெச்சிருக்கேன். வீட்டுக்காரிக்கு அது படிக்க முடியல, டாக்டர் சீட்ட படிச்சுப் படிச்சு எனக்கும் அதே கையெழுத்து வந்துடுச்சாம். அவளே மேல வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி அழகா திருப்பி எழுதிட்டா.