முயலுக்கு வயதாவதை முதலில் சொல்வது எது: கண்ணா, கையா, தராசா?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை இருக்கும். 5, 6 வயதைத் தாண்டியதும் உடம்பு மெல்ல மாறத் தொடங்கும். வேட்டைக்கு ஆளாகும் பிராணி என்பதால் அது வலியை முடிந்தவரை மறைக்கும். கொடைக்கானல் பக்கம் முயல் வளர்ப்பவர்களில் பலரும் நம்புவது கண்ணைத்தான். என்னைக் கேட்டால், முதல் இடம் தராசுக்கு, அதை ஒட்டியே கைக்கு, அப்புறம்தான் கண்ணுக்கு.

காரணம் இங்குள்ள குளிர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் முயலின் ரோமம் அடர்ந்து நிற்கும். உள்ளே சதை கரைந்திருந்தாலும் வெளியே பஞ்சு மூட்டை மாதிரி கொழுகொழுவென்றே தெரியும். 3 கிலோ முயல் 150 கிராம் குறைந்தால் தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது பிடிபடாது. சமையலறையில் இருக்கும் டிஜிட்டல் தராசு அதைக் காட்டிவிடும். வாரம் ஒருமுறை, ஒரே வேளையில், தீவனம் வைப்பதற்கு முன் ஒரு கூடையில் உட்காரவைத்து நிறுத்து எழுதிவைத்தால் போதும். வயிறு நிறைந்திருக்கிறதா, காலியா என்பதைப் பொறுத்துச் சிறிது ஏறி இறங்கும். அதற்குப் பதற வேண்டாம். வாராவாரம் இறங்கிக்கொண்டே போனால்தான் கவலை.

ஆனால் தராசு எவ்வளவு குறைந்தது என்று சொல்லுமே தவிர, எங்கே, ஏன் என்று சொல்லாது. சதை போய்க் கொழுப்பு வந்திருந்தால் எண் மாறாமலே நிற்கும். அங்கேதான் கை வேண்டும். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் போடாதீர்கள், காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். மிரண்டு உதைத்தால் முயலுக்கு முதுகெலும்பே முறியலாம். விரலை முதுகுத்தண்டு மேல் ஓட்டிப் பாருங்கள். எலும்பு முடிச்சு முடிச்சாகக் கூர்மையாகத் தட்டுப்பட்டால் சதை குறைந்திருக்கிறது. கீழ்த்தாடையின் அடியோரம் மேடு பள்ளமாக இருந்தாலோ, தாடை ஈரமாக இருந்தாலோ பல்லில் கோளாறு இருக்கலாம். முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். அதைத் தேய்ப்பது நார் நிறைந்த காய்ந்த புல்தான். மலையில் கேரட் மலிவு என்பதற்காக அதையே போட்டு வளர்த்த முயல்களுக்கு வயதான காலத்தில் பல் தொல்லை வர வாய்ப்பு அதிகம். கருப்பை அகற்றாத பெண் முயல் என்றால் வயிற்றிலும் மடிக்காம்புகளிலும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 4 வயதுக்கு மேல் கருப்பைப் புற்று அவற்றுக்கு அடிக்கடி வருகிறது. கடைசியாகப் பின்னங்கால் அடிப்பாதம். கொடைக்கானலை அடுத்த மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கும் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சிலா போன்ற கனத்த இனங்களுக்குக் கம்பித் தரையில் அடிப்பாதத்து ரோமம் உதிர்ந்து புண்ணாகும். மழைக்காலத்தில் ஈரச் சாக்கும் அதே வேலையைச் செய்யும்.

கண்ணுக்கென்று ஒரு வேலை உண்டு, அதைக் கையும் தராசும் செய்ய முடியாது: நடை. மூட்டு இறுகிய முயல் பெட்டி விளிம்பைத் தாண்டத் தயங்கும். கீரையைக் காட்டினால் முன்போல் எழுந்து நிற்காது. குனிந்து தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாததால் பின்பக்கம் மென்புழுக்கை (முயல் குனிந்து தானே தின்னும் மென்மையான புழுக்கை) ஒட்டியிருக்கும், மூத்திர ஈரம் படிந்திருக்கும். மாதம் ஒருமுறை அது நடப்பதைப் போனில் வீடியோ எடுத்துவைத்தால் பழையதோடு ஒப்பிடலாம். கண் வெளுத்திருப்பதும் அதிலேயே தெரியும்.

மருத்துவரிடம் காட்டுவதை இவற்றுக்குப் போட்டியாக நிறுத்த முடியாது. கடைவாய்ப் பல்லை வீட்டில் யாராலும் பார்க்க முடியாதே. ஆண்டுக்கு இருமுறை காட்டுவது நல்லது. அரை நாளாக எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் தராசையெல்லாம் தேடவேண்டாம், உடனே கிளம்புங்கள். மதுரை வரை போக வேண்டியிருந்தால் முடிந்தவரை விடியலில் இறங்குங்கள். குளிரில் பழகிய முயல் வத்தலக்குண்டு வெயிலையே தாங்காது. கூடைக்குள் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரமாக வையுங்கள். வேண்டும்போது அது சாய்ந்துகொள்ளும், வேண்டாதபோது விலகிக்கொள்ளும்.